ஃபீஃபி மாமா பார்த்த கட்டட வேலை

செத்துப் புதைத்து இருபது வருடம் ஆன என் தாய்மாமன், போன ஆகஸ்டில் ஒற்றைக் காலோடு கடற்கரை ஊரான சால்ட்பாண்டுக்கு வந்து, எங்கள் குடும்ப வீட்டுக் கூடத்தை இடித்துத் தரை போட்டு, வாசலை அகலமாக்கி, உள்ளேயே ஒரு கக்கூஸும் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இதை நம்பாதவர்களைக் கடற்கரையோரம் நிற்க வைத்தால் வரிசை கேப் கோஸ்ட் வரைக்கும் போகும். அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவர் என் பெரியம்மா மகன் எபோ அண்ணன். எங்கள் குடும்பத் தலைவர்; கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே மழை பெய்கிறது என்று நான் சொன்னால் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்த பிறகும், வேறு யாராவது வந்து சொல்லட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தாகோராடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் அடுத்தவர் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். ஒரு செய்தி என் காதுக்குள் ஆட்டுக்குட்டியாக நுழைந்தால், வாய் வழியாக வெளியே வரும்போது அதற்குக் கொம்பு முளைத்து, அதுவே இரண்டு குட்டி போட்டிருக்கும். குடும்பத்தில் எனக்கு டெலிபோன் என்றுதான் பெயர். எக்குவா என்ற என் சொந்தப் பெயரை எங்கள் மெதடிஸ்ட் பாதிரியார் மட்டும் விடாமல் சொல்லி வருகிறார், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

வீடு, கடலைப் பார்த்த மாடி வீடு. பாமாயில் கொழித்த காலத்தில் கட்டியது. ஒரே தாயின் வயிற்றில், பெண்வழியாக வந்த எல்லோருக்கும் அது சொந்தம். அதாவது தனியாக யாருக்கும் சொந்தமில்லை. என் பிள்ளைகளுக்கு அதில் உரிமை உண்டு. என் தம்பி பிள்ளைகளுக்குக் கிடையாது. அவர்கள் தங்கள் அம்மாவின் குடும்ப வீட்டில் கூரை ஒழுகுவதைப் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாடி முழுக்க அறைகள். ஏணியைப் போலச் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. கீழே பெரிய கூடம், கூடத்தை ஒட்டி ஒரே ஓர் அறை. அந்த அறையில் பித்தளைக் கட்டில் ஒன்று கிடக்கிறது. குடும்பத்தில் யார் இறந்தாலும் நல்ல துணி உடுத்தி அந்தக் கட்டிலில் கிடத்தி ஊருக்குக் காட்டுவோம். மற்ற நாளெல்லாம் அறைக்குப் பூட்டு, சாவி எபோ அண்ணனிடம்.

கூடத்தின் பலகைத் தரையைக் கடல் காற்று எங்களுக்கு முன்பே தின்று தீர்த்துவிட்டது. மீன்காரி ஒருத்தி கூடையோடு உள்ளே வந்தாள். இடுப்பு வரைக்கும் தரைக்குள் போய்விட்டாள். முதலில் மீனை எடுத்தோம், அப்புறம் அவளை. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் படி. அறைக் கதவோ, ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். குளிக்க, கொல்லைக்குப் போக என்றால் முற்றத்தைத் தாண்டிச் சேற்றில் நடக்க வேண்டும்.

ஏன் சரி செய்யவில்லை என்று கேட்பீர்கள். எபோ அண்ணனின் தங்கை மகன் ஜோஜோ மாடியில் தன் அறைக்கு ஒரு காலத்தில் டைல்ஸ் போட்டான். போட்ட கையோடு பூட்டும் போட்டு, செலவழித்தது நான், இந்தப் பக்கம் இனிமேல் என்னுடையது என்றான். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. குடும்பமே இரண்டாகப் பிரிந்து, ஒரே முற்றத்தில் இரண்டு அடுப்பு மூட்டி, ஒருத்தர் சூப்பின் வாசனையை ஒருத்தர் முகராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தோம். வழக்கு முடிந்தபோது வக்கீலுக்கு மட்டும் புது வீடு எழும்பியிருந்தது. ஜோஜோ தோற்றான். அன்றைக்கு எபோ அண்ணன் ஒரு சட்டம் போட்டார்: பொது இடத்தில் யாரும் தன் சொந்தக் காசில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. செய்தால் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சேர்வது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். யாராவது சாக வேண்டும். செத்தவரை ஆஸ்பத்திரிப் பிணவறையில் மாதக் கணக்கில் குளிரில் வைத்துவிட்டு, அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து, ஓட்டையை அடைத்து, விளக்குப் போட்டு, அப்புறம்தான் கொண்டு வருவோம். எங்கள் ஊரில் உயிர் போனதும் முதல் போன் பாதிரியாருக்குப் போகாது, பெயிண்டருக்குப் போகும். சங்கடம் என்னவென்றால், ரொம்ப வருடமாக எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் மக்காச்சோளக் கென்கே உருண்டையும் பொரித்த மீனும் தின்று கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். வீடு மட்டும் செத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் என் அக்கா அராபா வீட்டுக்கு வர ஆசைப்பட்டாள்.

அக்கா தேமா நகரத்தில் மகள் மான்ஸாவோடு இருந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு காலும் போய்விட்டன, சக்கர நாற்காலிதான். மான்ஸாவின் ஃபிளாட் மூன்றாவது மாடியில். ஏறிய நாளிலிருந்து அக்கா கீழே இறங்கவே இல்லை. சன்னலைத் திறந்தால் எதிரே சிமெண்ட் சுவர். அக்காவோ கடல் சத்தத்தில் பிறந்து, கடல் சத்தத்தில் வளர்ந்து, கல்யாணத்தன்றுகூடக் கடலில் கால் நனைத்துவிட்டு வந்தவள். வீட்டுக்கு வந்து இருக்கும் நாளை அங்கே இருந்து முடிக்கிறேன் என்று கேட்டாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை. கீழ் அறையைத் தவிர அவள் தங்குகிற மாதிரி வேறு அறை கிடையாது. அந்த அறைக்கு அவள் நாற்காலி நுழையாது.

மான்ஸா எல்லாச் செலவையும் நானே பார்க்கிறேன் என்று எபோ அண்ணன் முன்னால் வந்து நின்றாள். அண்ணன் கோபப்படவில்லை. நிதானமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்குச் சொல்லித் தருவதைப் போலச் சொன்னார். இன்றைக்கு மான்ஸா தரை போடுவாள், நாளைக்கு அது மான்ஸாவின் தரை, அதற்கு மறுநாள் கோர்ட்டு. போதாததற்கு, அந்த அறை செத்தவர்களுக்கு விட்டது. கடைசியில், அவள் மனம் நோகக் கூடாதே என்று நல்ல எண்ணத்தோடுதான் இப்படியும் சொன்னார்: "அராபா எனக்கும் தங்கச்சிதான்மா. அவளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா மார்பிளே போட்டுருவோம்."

மான்ஸா அழுதுகொண்டே எனக்குப் போன் பண்ணினாள். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் அழவில்லை.

"ஏண்டி எக்குவா," என்றாள், "பெட்டில படுத்துக்கிட்டு வந்தா கதவ ஒடச்சாவது உள்ள விடுவாங்க. நாற்காலில உக்காந்துக்கிட்டு வந்தா விட மாட்டாங்களா?"

போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம், குடும்பத்தில் யார் சாகிற மாதிரி இருக்கிறார்கள் என்று யோசித்ததுதான். பாவம்தான். ஆனால் யோசித்தேன். தொண்ணூறைத் தாண்டிய தாய்வழிப் பெரியவர் ஒருவர் இருமிக்கொண்டு கிடந்தார். நிலவரம் தெரிந்துகொள்ள இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்ட கோழிச் சூப்போடு போனேன். மூன்று நாள் சூப்பில் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் மறுகல்யாணம் பற்றிப் பேச ஆரம்பித்தார். என் கைப்பக்குவமே என் எதிரி.

அப்புறம் குடும்பக் கூட்டம் வந்தது. பாதிரியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, எபோ அண்ணன் வழக்கம்போல முற்றத்தில் நின்று ஷ்னாப்ஸ் சாராயத்தைத் துளித்துளியாக மண்ணில் ஊற்றி, முன்னோர்களைப் பெயர் சொல்லிக் குடிக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் ஆமென் மாதிரி ஒரு சத்தம் கொடுத்தோம். பெயர்கள் முடிந்தன. அண்ணன் பாட்டிலை மூடினார். அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"அண்ணே, ஃபீஃபி மாமாவ ஏன் கூப்பிடல?"

முற்றத்தில் கோழிகள்கூடக் கிளறுவதை நிறுத்தின என்பேன். எபோ அண்ணன் கேட்டால், கோழியே இல்லை என்பார்.

ஃபீஃபி மாமா எங்கள் அம்மாக்களின் கடைசித் தம்பி. கப்பலில் சமையல்காரர். ஒருமுறை கப்பல் சங்கிலியில் காலைக் கொடுத்துவிட்டு, ஒரு காலும் ஒரு கட்டையுமாகப் பக்கத்து நாட்டு அபிஜானில் இறங்கி, அங்கேயே சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு வாழைப்பழத்தை எண்ணெயில் பொரித்துத் தருவார். அந்த மணத்துக்கு அடுத்த தெரு நாயெல்லாம் வரும். அவர் இறந்த செய்தி வந்தபோது நாங்கள் ஜோஜோவின் வழக்கில் முழுகியிருந்தோம். யார் கூட்டத்தைக் கூட்டுவது என்பதிலேயே சண்டை. அங்கே உள்ள சர்ச்சார் புதைத்தார்கள். இங்கே எந்தச் சடங்கும் நடக்கவில்லை. சடங்கு நடக்காதவரை முன்னோர் வரிசையில் சேர்க்க முடியாது. சேராதவரைக் கூப்பிட முடியாது.

நான் வேறெதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "அப்போ இருபது வருஷமா அவரு எங்க நின்னுக்கிட்டு இருக்காரு?"

எல்லோரும் வாசல் பக்கம் பார்த்தார்கள். எபோ அண்ணனும் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி கண்ணாடியைத் துடைத்தார்.

ஆகஸ்டில் சடங்கு செய்வது என்று அன்றே முடிவானது. ஆனால் அண்ணன் சிக்கனமாக முடிக்கப் பார்த்தார். உடம்பு இல்லை, கல்லறை மண் ஒரு சின்னப் பெட்டியில் வரப்போகிறது. கிடத்த ஆள் இல்லாதபோது வீட்டை ஏன் தொட வேண்டும்? முற்றத்தில் ஒரு பந்தல், ஒரு பெரிய படம், போதும் என்றார்.

அந்த வாரமே குடும்பத்தில் கனவுக் காய்ச்சல் பரவியது. முதலில் ஜோஜோ கண்டான். ஃபீஃபி மாமா அவன் அறைக் கூரையைக் காட்டி, ஒழுகுகிறதே என்று வருத்தப்பட்டாராம். சமையல் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் வந்து, இந்தப் புகையில் எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டாராம். லண்டனிலிருந்து ஒருத்தி போன் பண்ணி, மாமா அங்கேயும் வந்தார், படிக்கட்டுக்குக் கைப்பிடி கேட்கிறார் என்றாள். விமானச் சீட்டு இல்லாமல் லண்டன் போன முதல் சால்ட்பாண்டுக்காரர் அவர்தான். ஒவ்வொருவர் கனவிலும் ஒவ்வொரு வேலை. ஆனால் எல்லாக் கனவிலும் அவர் வாசற்படிக்கு வெளியேதான் நின்றார். அதை மட்டும் யாரும் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

எபோ அண்ணன் என்னைக் கூப்பிட்டு, நீ என்ன கண்டாய் என்று கேட்டார். பெரிதாக ஒன்றை அவிழ்த்துவிடுவேன் என்று எதிர்பார்த்து, மறுப்பதற்குத் தயாராக நாற்காலியில் நிமிர்ந்தும் உட்கார்ந்துவிட்டார். நான் கனவே காணவில்லை, தூக்கம் வரவில்லை என்றேன். நான் ஒன்றுமே சொல்லாமல் விட்டது அவரை என்னவோ செய்தது; மறுநாள் வீட்டைத் தொடச் சம்மதித்தார்.

வேலை தொடங்குவது என்று ஆனதும், எதைச் செய்வது என்ற பேச்சு வந்தது. மாமாவுக்கு ஒரு கால்தானே, அந்தப் படியில் எப்படி ஏறுவார், சாய்தளம் வேண்டாமா என்றேன்.

"செத்தப்புறமும் கால் வளரலியா அவருக்கு?" என்றார் அண்ணன்.

"கட்டையையும் சேத்துத்தான் பொதச்சாங்களாம். கால் வளந்திருந்தா கட்டை எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கக்கூஸ் பேச்சு வந்தபோது, செத்தவருக்கு அது எதற்கு என்று நியாயமாகவே கேட்டார். பாதிரியாரை வெள்ளை அங்கியோடு முற்றத்துச் சேற்றில் நடத்திக் கூட்டிப் போகப் போகிறீர்களா என்று ஜோஜோ திருப்பிக் கேட்டான். பாதிரியார் தன் அங்கியை எவ்வளவு நேசிக்கிறார் என்று ஊருக்கே தெரியும். கதவு அகலத்துக்கு, பெட்டியை இரண்டு பக்கமும் ஆள் பிடித்து வர வேண்டாமா என்றேன். செருப்புப் பெட்டி அளவு மண்ணுக்கு எத்தனை ஆள் பிடிக்கப் போகிறார்கள் என்றார் அண்ணன். ஆள் எண்ணிக்கை பெட்டிக்கு இல்லை, மரியாதைக்கு என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு என்னை மட்டும் நிறுத்தினார். "நான் முட்டாள் இல்ல டெலிபோனு. இந்தச் சாய்தளம் மாமாவுக்கா, அராபாவுக்கா?"

"மாமாவுக்குத்தாண்ணே. அக்கா அதுல வந்தா அவரு கோவிச்சுக்கவா போறாரு?"

"வரட்டும். சடங்குக்கு வரட்டும், இருக்கட்டும். முடிஞ்சதும் அறையப் பூட்டிச் சாவிய நான் எடுத்துக்குவேன். உசுரோட இருக்கற யாரும் அங்க படுக்கறதில்ல. அப்புறம் இன்னொண்ணு. செத்தவரு வந்து வீடு கட்டினாருன்னு நீ ஊர்ல போய் அளக்காத."

ஆக, இத்தனை இடித்துக் கட்டியும் அக்காவுக்கு மூன்று நாள்தான். அதற்குமேல் அண்ணன் இறங்கி வரவில்லை.

வேலை ஆரம்பித்தது. பலகைத் தரையைப் பெயர்த்தபோது அடியில் எங்கள் குடும்பத்தின் சரித்திரமே கிடந்தது. சீப்புகள், ராஜா தலை போட்ட காசுகள், யார் திருடினார் என்று இரண்டு தலைமுறை சண்டை போட்ட ஒரு தங்கத் தோடு. ஒரு பெரியப்பாவின் பல் செட்டும் கிடைத்தது. அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மண் நிரப்பி, இறுக்கி, காங்கிரீட் போட்டார்கள். மான்ஸா தன் பங்காக டைல்ஸ் அனுப்பினாள். லண்டன்காரி கக்கூஸுக்குப் பீங்கான் சாமான். ஜோஜோ தன் ஆட்களைக் கொண்டுவந்து நின்றான். கதவுச் சுவரை இடித்த நாளில் நான் என் இடுப்பை அளவுகோலாகக் கொடுத்தேன். என்னையே அளவாக வைத்தால் லாரியே நுழையும் என்றார் கொத்தனார்.

பெயிண்ட் சுரண்டுகிற வேலை மட்டும் எபோ அண்ணனே எடுத்துக்கொண்டார். வேலையாட்கள் மேலோட்டமாகச் சுரண்டி ஏமாற்றுவார்கள் என்று சொல்லி, பட்டைக் கத்தியோடு கீழ் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். வாத்தியார் வேலையில் கரும்பலகையை அழித்த கை, நன்றாகவே சுரண்டியது. நான் தேநீர் கொண்டுபோனபோது சுவரில் ஒரு கை அகலத்துக்குப் படிப்படியாகச் சுரண்டி வைத்திருந்தார். ஒரு நிறத்துக்குக் கீழே இன்னொரு நிறம், அதற்குக் கீழே இன்னொன்று.

எனக்கு அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மேலே இருந்த பழுப்பு, எங்கள் கடைசிச் சாவுக்கு அடித்தது. அடியில் உள்ள நீலம் என் சித்திக்கு. அதற்கும் அடியில் ஒரு மஞ்சள். அது என் அம்மாவுக்கு. அந்த மஞ்சள் சரியாகக் காயாமல் துக்கத்துக்கு வந்தவர்களின் கறுப்புத் துணியில் எல்லாம் ஒட்டிக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு கல்யாணத்தின் நிறம் இல்லை. ஒரு பிள்ளை பிறந்த நிறம் இல்லை. அந்த வீட்டில் நாங்கள் எத்தனையோ பேர் பிறந்தோம், ஒருவருக்காகவும் யாரும் ஒரு தூரிகையை நனைக்கவில்லை. இவ்வளவு வருடம் அந்தச் சுவரில் சாய்ந்து பல் குத்தியவள் நான், எனக்கு அது தெரியவில்லை.

எபோ அண்ணன் ஒரு பச்சையில் நின்றிருந்தார். கத்தி அங்கே நகரவில்லை.

அவருடைய அம்மாவின் பச்சை அது. என் பெரியம்மா கடைசி வருடம் மாடி ஏற முடியாமல் அந்தக் கீழ் அறையில்தான் கிடந்தார். உயிரோடு அங்கே படுத்த கடைசி ஆள் அவர்தான். அப்போது அந்த அறைக்குச் சன்னல் கிடையாது.

"காத்து வேணும்னு கேட்டா," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி. "வருஷம் முழுக்கக் கேட்டா. பொதுச் செவுரு, எல்லாரும் சேந்து முடிவு பண்ணணும்மான்னு சொன்னேன். செத்த வாரம் கொத்தனாரக் கூட்டியாந்து இந்தச் சன்னல வச்சேன். துக்கத்துக்கு வர்றவங்களுக்குப் புழுங்கக் கூடாதுன்னு."

சன்னல் வழியாகக் கடல் காற்று வந்து அவர் மடியில் விழுந்திருந்த பெயிண்ட் தூளைக் கிளப்பியது. நான் தேநீர்க் கோப்பையை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணன் மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். பச்சையை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சுரண்டினார்.

சடங்கு சனிக்கிழமை. ஜோஜோ அபிஜான் போய்க் கல்லறை மண்ணை ஒரு மரப்பெட்டியில், சிவப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்தான். எல்லையில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்களாம். என் தாத்தா என்றானாம். பாஸ்போர்ட் கேட்டார்களாம். இது ஜோஜோ சொன்னது, நான் சொன்னதில்லை.

சிவப்பும் கறுப்புமாகத் தெரு நிறைந்தது. புதுச் சாய்தளம் வெயிலில் பளபளத்தது. திருத்திய கூடத்துக்குள் செத்தவர் நுழையும் முன்னால் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால் மொத்தக் கூட்டமும் வெளியே நின்றது. பெட்டி ஒரு முக்காலியில். அதற்குப் பின்னால், மான்ஸா தள்ளிக்கொண்டு வந்த நாற்காலியில் அராபா அக்கா. தேமாவிலிருந்து வரும் வழியெல்லாம் அவள் காரின் சன்னலை மூடவே விடவில்லையாம். கடல் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு வந்தவள் முகமாகவே அது இல்லை. பசித்தவள் முன்னால் இலையை விரித்தது போல இருந்தது.

அண்ணன் ஷ்னாப்ஸை ஊற்றினார். பெயர்களைச் சொன்னார். கடைசியில், ஃபீஃபி என்றார். கூட்டம் ஒரே குரலில் ஏற்றுக்கொண்டது. நான் அழவில்லை, என்னைச் சுற்றித் தரை நனைந்ததற்கு யாரோ தண்ணீரைக் கொட்டியதுதான் காரணம்.

பெட்டியைத் தூக்க வழக்கப்படி மருமகன்கள் முன்னால் வந்தார்கள். எபோ அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். தானே பெட்டியை எடுத்தார். ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு, சாய்தளத்தையும் வாசலையும் பார்த்தார். அப்புறம் திரும்பி வந்து அக்காவின் மடியில் வைத்தார்.

"மாமாவப் புடிச்சுக்க," என்றார்.

மான்ஸாவை விலக்கிவிட்டு நாற்காலியைத் தானே தள்ளினார். எண்பதை நெருங்கும் மனிதர், சாய்தளத்தில் பாதியில் மூச்சு வாங்கியது. நாற்காலி ஓர் அங்குலம் பின்னால் வந்தது.

"பாத்துண்ணே," என்றாள் அக்கா. "உசுரோட வந்திருக்கேன். கொண்டுவந்து சேத்துரு."

துக்கக் கூட்டம் சிரித்தது, மேளக்காரர்கள் உட்பட. சக்கரம் வாசலைத் தாண்டியபோது ஒரு குலுக்கல் இல்லை. மாமா நுழைந்தார், அக்கா நுழைந்தாள். யார் முதல் என்று கணக்கு வாத்தியாராலும் சொல்ல முடியாது.

இரண்டு நாள் மேளமும் ஃபூஃபூக் களியும் நிலக்கடலைச் சூப்புமாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திச் சர்ச்சில் நன்றி சொன்னோம். பாதிரியார் புதுக் கக்கூஸை மூன்று முறை பயன்படுத்தினார். ஒரு முறை தேவைக்கு, மற்ற இரண்டும் பார்ப்பதற்கு என்பது என் கணிப்பு. வெளியூர்க்காரர்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். அக்கா அந்த மூன்று இரவும் சன்னலைத் திறந்து போட்டு, பித்தளைக் கட்டிலில் பிள்ளை மாதிரித் தூங்கினாள். பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, இங்கே படுத்தவங்க எல்லாம் என் சொந்தக்காரங்கதானே என்றாள்.

செவ்வாய்க்கிழமை எபோ அண்ணன் பூட்டும் கையுமாக வந்தார்.

மான்ஸா பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அக்கா சன்னலோரம் உட்கார்ந்து, அண்ணன் பக்கம் திரும்பாமல், கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடலைச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியும் என்பது போல. அப்போது ஜோஜோ கூடத்தில் வந்து நின்றான். அவன் கேட்டது வீம்புக்கு இல்லை. அவனுக்குப் பழைய காயம்.

"மாமா, எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த டைல்ஸ் மான்ஸா அனுப்பினது. அவ அம்மா இந்த அறையில தங்கினா, இது மான்ஸாவோட அறையா? நான் போட்டப்ப மட்டும் கோர்ட்டு வரைக்கும் இழுத்தீங்களே."

வீட்டில் மிச்சமிருந்த எல்லோரும் அவரவர் கையிலிருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்கள். மான்ஸாவின் அறை என்றால் அண்ணன் போட்ட சட்டம் செத்தது. இல்லை என்றால் அக்கா தேமாவின் சிமெண்ட் சுவருக்குத் திரும்ப வேண்டும். வாழ்நாள் முழுக்க விடை இல்லாத கணக்கே கிடையாது என்று பிள்ளைகளை அடித்த மனிதர், விடை தெரியாமல் பூட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். குனிந்து தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் டைல்ஸை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். சன்னலுக்குக் கீழே இருந்த தன் தங்கச்சியின் முதுகைப் பார்த்தார்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது மான்ஸா போட்ட தரை இல்லடா," என்றார். "நீ போட்டதும் இல்ல, நான் போட்டதும் இல்ல. அதனால எவனும் சொந்தம் கொண்டாட முடியாது. ஃபீஃபி மாமா வந்து போட்டாரு. படி ஏற முடியலன்னு சாய்தளம் கட்டினாரு. உள்ள நுழையறப்ப அராபா மடியில உக்காந்துதான் நுழைஞ்சாரு. அவளக் கூட்டியாந்தது அவரு. வெளிய போகச் சொல்லணும்னா அவர்கிட்ட போயிக் கேளு, எங்கிட்ட கேக்காத."

ஜோஜோ யோசித்தான். தலையை ஆட்டினான். அப்படியென்றால் சரிதான் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். மான்ஸா பெட்டியிலிருந்து துணியைத் திரும்ப எடுத்தாள். அக்கா இப்போதும் திரும்பவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதோடு, நிஜமாகவே நம்புகிறீர்களா என்று கேட்டேன். செத்தவர் வந்து கட்டட வேலை பார்த்தார் என்று நான் சொன்னால் ஊரே சிரிக்குமே என்றேன்.

"சிரிச்சா எங்கிட்ட அனுப்பு," என்றார் எபோ அண்ணன். "நான் இங்கதான் நின்னேன். என் கண்ணால பாத்தேன்."